மூன்று நிமிடமும் அப்பாவின் பேச்சும்

அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோன வருஷத்தில்தான் நான் அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் பிழைக்க ஆரம்பித்தேன். இதில் ஏதோ வேடிக்கை இருப்பதாகக் கடவுள் நினைத்திருந்தால், எனக்கு அது அப்போதும் சிரிப்பு வரவழைக்கவில்லை, இப்போதும் வரவழைக்கவில்லை.

அதுவரை நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தருமபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே இருபத்து நான்கு வருஷம் ஒரே ரூட்டில் போய் வந்தவர். ஒரு நாள் காலை, காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், அதோடு பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அவரைத் தூக்கவும் திருப்பவும் அம்மா ஒருத்தியால் முடியவில்லை. அம்மா தக்காளித் தோட்டத்து வேலைக்குப் போயாக வேண்டும், நான் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று. வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தபோது, ஓசூரில் என்னோடு இருந்த ஒருவன் இந்த ஆன்லைன் வேலையைக் காட்டிவிட்டான்.

வேலை இதுதான். யாரோ எங்கேயோ பேசிய தமிழைப் பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள். கேட்டு, ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் தமிழ் கற்றுக்கொள்வதற்காம். ஒரு துண்டுக்கு மூன்று நிமிடம். திரையின் வலது மூலையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடும். பூஜ்ஜியத்தைத் தொட்டால் துண்டைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள், நம் ஸ்கோரும் கொஞ்சம் இறங்கும். ஸ்கோர் தொண்ணூறுக்குக் கீழே போனால் துண்டு வருவதே நின்றுவிடும். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. கேட்பதற்கு ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், அதில் போட்டதற்கு ஒரு நாளும் பதில் வந்ததில்லை.

பதினைந்து விநாடிப் பேச்சுக்கு மூன்று நிமிடம் தாராளம்தானே என்று தோன்றும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு நடுவே யாரோ சாம்பாருக்கு உப்பு கேட்பதை நான்கு தடவை பின்னால் ஓட்டிக் கேட்டுப் பாருங்கள், தெரியும். நெட் சுற்றிக்கொண்டே நிற்கும்போதும் அந்தக் கடிகாரம் ஓடும். கரண்ட் போனாலும் ஓடும். இந்த நேரத்தைக் குறித்தவன் எந்த ஊரில், எந்த ஏசி அறையில் உட்கார்ந்து குறித்தானோ, அவன் வாயில் ஒரு வார்த்தை தமிழ் நுழையாது என்று மட்டும் சத்தியம் செய்வேன். அவனை நான் திட்டாத நாள் இல்லை.

எங்கள் வீடு இண்டூர் பக்கம். உள்ளே சிக்னல் கிடையாது, முன் அறை ஜன்னலோரம் மட்டும் கிடைக்கும். காற்றோட்டத்துக்காக அப்பாவின் கட்டிலையும் அதே ஜன்னலோரம்தான் போட்டிருந்தோம். ஆகவே காலை எட்டு மணிக்கு அம்மா கிளம்பியதிலிருந்து சாயங்காலம் அவள் திரும்பும்வரை நானும் அப்பாவும் இரண்டடி இடைவெளியில் உட்கார்ந்திருந்தோம். நான் எதிரே திரையைப் பார்ப்பேன். அப்பா என்னைப் பார்ப்பார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு பெண் இருந்தாள். என்னைவிடச் சின்னவள். முதல் தடவை போனபோது அப்பாவிடம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். அப்பா வாயைத் திறந்து, உதட்டைக் கோணி, ஒன்றும் வராமல் அழுதார். அவர் என்ன வேலை பார்த்தார் என்று என்னிடம் கேட்டாள், சொன்னேன். அவள் உடனே அப்பா பக்கம் திரும்பி, "தருமபுரில ஏறிட்டேன், ஒகேனக்கல் போவணும், எந்தெந்த ஊர் வருங்க? தருமபுரி, சோகத்தூர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அப்பா மடமடவென்று சொன்னார். "அதகபாடி, இண்டூர், அக்ரகாரம், பென்னாகரம், மடம், ஒகேனக்கல்." ஒரு தடங்கல் இல்லை. தண்ணீர் என்று கேட்கத் தெரியாத மனுஷன் ஆறு ஸ்டாப்பிங்கை மூச்சு விடாமல் சொல்கிறார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பழகிப்போனது தானா வருதுங்க. புதுசா யோசிச்சு சொல்றதுதான் வரமாட்டேங்குது. வார்த்தை உள்ளயே இருக்குது, வெளிய வர வழிதான் அடைச்சிருக்கு. அவரு தேடும்போது நீங்க எடுத்துக் குடுக்கவே கூடாது. மனசுக்குள்ள இருபது எண்ணுங்க. வரலன்னா இன்னொரு இருபது எண்ணுங்க. நீங்களே சொல்லிட்டீங்கன்னா அவரு தேடறதையே வுட்டுருவாரு. மொத ஆறு மாசம் ரொம்ப முக்கியம்ங்க."

முதல் இரண்டு மாதம் நான் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். அப்போது துண்டுகள் நாளுக்குப் பத்து இருபதுதான் வரும். ஊர்ப் பெயர்களை நான் ஆரம்பிப்பேன், அதகபாடியில் நிறுத்துவேன், அப்பா இண்டூர் என்பார். "இண்டூர்ல யாருப்பா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு எண்ணுவேன். இருபது. இன்னொரு இருபது. ஒரு நாள் மூன்றாவது இருபதில் "நா...ம" என்றார். நாம. எனக்கு அழுகை வந்தது. நாள்காட்டியின் பின்பக்கத்தில் அவர் யோசித்துச் சொன்ன வார்த்தைகளை எழுதி வைத்தேன். தண்ணி, வலி, வேணா, நாம, வெயிலு. இரண்டு மாதத்தில் பதினான்கு வார்த்தைகள் சேர்ந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் அம்மாவுக்குத் தெரியும். வேலைவிட்டு வந்து கால் கழுவியதும் அந்தப் பட்டியலை ஒரு தடவை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

அப்புறம் துண்டுகள் அதிகமாக வர ஆரம்பித்தன. நாளுக்கு நூறு, நூற்றைம்பது. வேண்டாம் என்று சொல்ல முடியாது, அம்மாவின் கூலியும் இதுவும்தான் வீடு. நான் கற்றுக்கொண்டேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டேன். ஆள் பேசி முடிப்பதற்குள், பாதி வார்த்தையிலேயே மீதியை ஊகித்துத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டேன். "நாளைக்கு நான் ஊருக்கு" என்று காதில் விழும்போதே என் விரல் "போறேன்" என்று முடித்திருக்கும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒன்றும் புரியாவிட்டால் 'தெளிவில்லை' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அதிகம் அமுக்கினாலும் கெட்ட பெயர்தான், ஆனால் நேரம் முடிந்து பிடுங்கப்படுவதைவிட அது தேவலை. கடைசி இருபது விநாடியில் கடிகாரம் சிவப்பாக மாறும். சிவப்பைக் கண்டால் யோசிக்காமல் அமுக்கிவிட வேண்டும் என்று கை பழகிவிட்டது.

இந்தப் பழக்கம் லேப்டாப்பை மூடினால் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். போகவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று "தம்பி, உங்கம்மா வந்தா" என்று ஆரம்பிக்கும்போதே "சொல்றேங்க" என்று உள்ளே வந்துவிடுவேன். என்ன சொல்லச் சொன்னாள் என்பது பிறகுதான் உறைக்கும். அரிசி வெந்ததா என்று பொறுத்துப் பார்க்க முடியாது. மாத்திரை வாங்கப் போனால், கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாருக்காகக் காத்திருந்தாலும் கண் தானாக வலது மூலைக்குப் போகும். அங்கே மாத்திரைக் கடைச் சுவரும் பல்லியும்தான் இருக்கும்.

அப்பாவிடமும் அப்படியே ஆயிற்று. என்றைக்கு ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. "த..." என்பார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தண்ணியா? தலகாணியா? தலவலியா?" என்பேன். தலையை ஆட்டுவார், எழுந்து கொடுப்பேன். அரை நிமிட வேலை. முதலில் எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகவே தெரிந்தது. அவருக்கும் சிரமம் குறைகிறது, எனக்கும் நேரம் மிச்சம். இருபது எண்ணுவது பத்தாகி, ஐந்தாகி, பிறகு எண்ணுவதே நின்றுபோனது. சில சமயம் நான் சொன்னது எதுவுமே அவர் தேடிய வார்த்தை இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். இருந்தும் தலையை ஆட்டிவிடுவார். நானும் விட்டுவிடுவேன். நாள்காட்டிப் பட்டியல் பதினான்கிலேயே நின்றிருந்தது. அம்மா மட்டும் தினமும் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு நாள் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலையிலேயே இரண்டு தடவை கரண்ட் போய் நான்கு துண்டுகள் கைவிட்டுப் போயின. ஸ்கோர் தொண்ணூற்று ஒன்றில் நின்றது. இன்னும் இரண்டு போனால் வேலை அவ்வளவுதான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹெட்போனின் ஒரு காது போய்விட்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வாக்கில் ஒரு துண்டு வந்தது. யாரோ ஒரு வயதானவர். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் மூச்சு வாங்குகிறார். நாக்கு புரளவில்லை. அப்பா மாதிரிப் பேசுகிறார் என்றுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. என்ன சனியன் இது என்றுதான் தோன்றியது. இரண்டு தடவை கேட்டேன், மூன்றாவது தடவையும் கேட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நிமிடம் பத்து விநாடி மிச்சமிருந்தது. 'தெளிவில்லை' மேல் அம்பைக் கொண்டுபோனேன்.

"ஹோல்டான்!"

அறை அதிர்ந்தது. அப்பாவின் குரல். பஸ்ஸைத் தட்டி நிறுத்துவாரே, அதே கனத்த குரல், உடைசல் இல்லாமல், இழுவை இல்லாமல். இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். ஐந்து மாதமாக அந்தக் குரலை நான் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் லேப்டாப்பைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார், மறுபடி லேப்டாப்பைக் காட்டினார். எனக்கு விளங்கியது. அந்த ஆள் சொன்னது இவருக்குப் புரிந்திருக்கிறது.

"என்னாப்பா சொல்றாரு அந்தாளு?" என்று கேட்டேன். கேட்கவாவது செய்தேன்.

அப்பா வாயைத் திறந்தார். "அ...வ...ரு" என்றார். அது புது வார்த்தை. பட்டியலில் இல்லாதது. அடுத்ததைத் தேடினார். நெற்றி நரம்பு புடைத்தது, கழுத்து ஆடியது. "ம... ம..." நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வலது மூலையைப் பார்த்தேன். ஐம்பது. நாற்பத்தைந்து.

"மருந்தா? மகனா? மழையா? மாடா?"

இல்லை இல்லை என்று தலையை உதறினார். கோபமாக உதறினார். நோயில் விழுந்த பிறகு அவர் என்மேல் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. கோபப்படுகிற அளவுக்கு அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிக்கு வந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை. முப்பது. "ம..." இருபது. சிவப்பு.

"டைம் போவுதுப்பா! சும்மா இருப்பா நீ ஒண்ணு!"

கத்தினேன். அப்பா வாயை மூடினார். நான் அமுக்கினேன். அடுத்த துண்டு உடனே வந்தது. ஒரு பெண் ஹோட்டலில் ரூம் இருக்கிறதா என்று விசாரித்தாள். நல்ல தெளிவான குரல். நாற்பது விநாடியில் முடித்துவிட்டேன்.

அடுத்தடுத்து ஏழெட்டு முடித்த பிறகுதான் தலையைத் திருப்பினேன். அப்பா சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். "அந்தாளு என்னா சொன்னாருன்னு இப்ப சொல்லுப்பா" என்றேன். தலை அசையவில்லை. துண்டு போனால் போனதுதான், திரும்ப எடுத்துக் கேட்க வழி இல்லை. யார் அந்த மனுஷன், யாரிடம் என்ன கேட்டார் என்பது இந்த உலகத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அது எனக்குக் கிடைக்காமலே போய்விட்டது. அரை மணி நேரம் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று பின்னால் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். வேலை போயிருக்கும். அவ்வளவுதான். போகட்டும் என்று சொல்லக்கூடிய நிலையில் நாங்கள் இல்லை என்பதும் உண்மை. உண்மையாக இருந்தும் அது எனக்கு ஆறுதலாக இல்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும், "என்னாடா, உங்கப்பா மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? எதனா சொன்னாரா?" என்றாள்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன்.

'ஹோல்டான்' என்பதையும் 'அவரு' என்பதையும் நான் நாள்காட்டியில் எழுதவில்லை. எழுதினால் எப்போது சொன்னார், எதற்குச் சொன்னார் என்று அம்மா கேட்பாள். அம்மா வழக்கம்போல அந்தப் பதினான்கையும் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அப்பா தேடுவதை விட்டுவிட்டார். சண்டை போட்டு விடவில்லை, முறைத்துக்கொள்ளவும் இல்லை. "த..." கூட வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் பார்ப்பார். நான் கவனிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். நான் எது கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு நாள் சோதித்துப் பார்க்க, "கஞ்சி வேணுமா?" என்றேன், ஆட்டினார். "கஞ்சி வேணாமா?" என்றேன், அதற்கும் ஆட்டினார். நான் எழுந்து புறக்கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வந்தபோது கடிகாரம் சிவப்பில் இருந்தது, அமுக்கினேன்.

ஆறு மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே பெண். "எப்படி இருக்கீங்க அப்பா? உங்க ஊரு எதுங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவள் உதடு லேசாக அசைந்தது, எண்ணுகிறாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நீயே சொல்லிவிடு என்பதுபோலப் பார்த்தார். அவள் ஊர்ப் பெயர்களை ஆரம்பித்தாள். தருமபுரி, சோகத்தூர், அதகபாடி. நிறுத்தினாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர்ப் பெயர், அதுகூட வரவில்லை.

"வூட்டுல பயிற்சி குடுக்கறீங்களா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"டெய்லி குடுக்கறங்க" என்றேன்.

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அம்மா, "புள்ள கூடவேதான் இருக்கறானுங்க, ஒரு நிமிசம் அவர வுட்டு எந்திரிக்கறதில்ல" என்று எனக்குப் பரிந்து பேசினாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒரு காலை துண்டு எதுவும் வரவில்லை. நெட் கோளாறு என்று நினைத்து ஜன்னல் கம்பியில் போனைக் கட்டிப் பார்த்தேன். மத்தியானம் ஒரு மெயில் வந்தது. தமிழ் வேலை முடிந்துவிட்டது, பங்களிப்புக்கு நன்றி, உங்கள் ஸ்கோர் தொண்ணூற்று ஏழு, மிகச் சிறப்பு என்று இருந்தது. கம்ப்யூட்டர் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டதாக்கும். நான் அந்த மெயிலை இரண்டு தடவை படித்தேன். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், அதுகூட வரவில்லை.

மறுநாள் அம்மா போன பிறகு லேப்டாப்பை மூடி பீரோ மேல் வைத்தேன். நாற்காலியைத் திருப்பி, அப்பாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். இனிமேல் எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு காலைப்பொழுது ஆனாலும் சரி, எடுத்துக் கொடுக்கக் கூடாது, வாயே திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார். லேப்டாப் இல்லாத ஜன்னலோரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று எண்ணியபோது அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நான் இன்னும் எதையுமே கேட்டிருக்கவில்லை.